கல்கத்தாவில் உணவியல் வளர்ந்த வரலாறு

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தர வேண்டுமென்று சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, சோழர் கங்கை வரை வந்த செய்தியை எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். ஆனால் அதனை இம்மலரில் முன்னரே பலர் எழுதிவிட்டனர். மேலும், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருக்கும் எம்மைவிட அதனை எழுதத் தகுதி வாய்ந்தோர் நம் காலனியிலேயே நால்வர் உளர். ஆகவே, நம் வீட்டு அடுக்களைக்கு அருகில் நிற்பதும், நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தொடுவதுமான ஒரு சிறிய சரித்திரத்தை எடுத்துக்கொண்டோம்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. எமது மூத்த மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, உணவியல் பயின்று மருத்துவமனையில் பணியாற்றப் போவதாக அறிவித்தாள். அன்று மாலைக்குள் செய்தி மாடிப்படி வழியே எல்லா வீடுகளுக்கும் சென்றுவிட்டது. கீழ்வீட்டு மாமா, “இட்டிலி வார்ப்பதற்கும் ஒரு பட்டமா?” என்று கேட்டார். எதிர்வீட்டு மாமி, “பெண்ணை இஞ்சினீயருக்குப் படிக்க வையுங்கள், சமையலை நான் ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்” என்று உரிமையோடு சொன்னார். இருவரும் எம்மிடம் அன்புடையவர்கள். விடை சொல்லத்தான் எமக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் புகுந்து, ஓய்வு நாட்களில் நூலகங்களில் அமர்ந்து படித்ததன் பயனே இக்கட்டுரை.

உணவே மருந்தென்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்பவர், அங்கே மாத்திரையும் சூரணமும் இல்லாது உண்ணும் அளவும் பசியின் அளவுமே பெரிதும் பேசப்படுவதைக் காண்பர். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பத்தியம், காய்ச்சலில் கிடந்தவனுக்கு ஒரு பத்தியம் என்று நம் பாட்டிமார் வகுத்து வைத்திருந்தனர். ஆனால் எந்தப் பத்தியம் எதனால் பலிக்கிறது, எது வெறும் வழக்கம், எது கேடு என்று நிறுத்தும் அளந்தும் பார்க்கும் சாத்திரம் அண்மைக்காலத்தது. அச்சாத்திரம் பிறந்த கதையில் தமிழன் ஒருவகையில் சாட்சியாக நின்றிருக்கிறான் என்பதைப் படித்தபொழுது எமக்கு வியப்பே உண்டாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழ்த்திசை நாடுகளெங்கும் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மாள்வர். ஜாவாவில் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் இவ்வாறே கால் மடங்கி விழுவதை 1890-களில் கண்டறிந்தார். அதே காலத்தில் மலேயாவில் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் உழைத்த சீனர் இந்நோயால் கூட்டங்கூட்டமாக மடிய, பக்கத்துக் குடிசையில் அவர்களைவிட ஏழையாக வாழ்ந்த தமிழ்க் கூலிகள் அந்நோய் அறியாதிருந்தனர். பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை உற்று நோக்கி 1907-ல் ஒரு நூலே எழுதினார். சீனர் உண்டது சயாம் நாட்டுப் பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி. வேறுபாடு அவ்வளவே. பிராடன் கண்டது சரி, ஆனால் காரணம் சொன்னது தவறு. பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதினார்.

கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெச்சர் என்பவர் 1905-06-ல் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் இட்டுப் பார்த்தார். முதற் பிரிவில் பலர் நோயுற்று 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவரிடம் நோய் புதிதாகத் தோன்றவில்லை. வாய்பேச இயலாத ஏழைகளை வைத்து இவ்வாறு சோதித்தது அறமா என்று இன்று கேட்போம். அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னர் ஃப்ரேஸர், ஸ்டாண்டன் என்னும் இருவர், குறை நஞ்சினால் அன்று, தீட்டும்பொழுது தவிட்டோடு கழிந்துபோகும் ஒரு பொருளினால் என்று காட்டினர். 1912-ல் ஃபங்க் என்பவர் அத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள அச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே புகுந்துவிடுகிறது. பின்னர் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. விருந்தென்றால் பச்சரிசிதான் உயர்த்தி என்று எண்ணும் நம்மவர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம். வங்காளியும் அன்றாடம் உண்பது புழுங்கலே.

இனிக் கல்கத்தாவிற்கு வருவோம். (2001 முதல் கொல்கத்தா என்பதே சட்டப்படியான பெயர், நம் வீடுகளில் இன்னும் கல்கத்தாதான்.) கல்லூரித் தெருவின் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்த மக்கே என்பவர், வங்காளத்துச் சிறைகளில் கைதிகளுக்கு இடப்படும் சோற்றையும் பருப்பையும் நிறுத்து, அதில் எவ்வளவு உடலில் சேருகிறது, எவ்வளவு கழிகிறது என்று கணக்கிட்டார். 1912-ல் புரதத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. வயிறு நிறையச் சோறு உண்டும் வங்காளி மெலிந்திருப்பதற்குக் காரணம் சோற்றின் மிகுதியும் புரதத்தின் குறைவுமே என்பது அவர் முடிவு. அளந்த வரையில் அவர் செய்தது நன்று. ஆனால் வீரமும் கோழைத்தனமும்கூடப் புரதத்தினால் வருவதுபோல் அவர் எழுதியிருப்பது, ஆளும் இனத்தார் ஆளப்படுவோரைப் பற்றி எழுதும் வழக்கமான எழுத்தேயன்றி விஞ்ஞானமாகாது.

இதற்கு இணையான கதை நம் நீலகிரியில் நடந்தது. 1918-ல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், மக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வறையே வளர்ந்து 1928-ல் உணவாராய்ச்சிக் கூடமாகி, 1958-ல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய உணவூட்ட நிலையம் என்று விளங்குகிறது. மக்காரிசன் எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு, ஒன்றுக்குப் பட்டாணியர் உணவு, ஒன்றுக்கு மராட்டியர் உணவு என்று இட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று உண்ட சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதலிடம் பெற்றன. கடைசி வரிசையில் வங்காள எலியும், அதற்கும் கீழே, அனைத்திலும் கடைசியாக, மதராஸி எலியும் அமர்ந்தன. ரஸகுல்லாவிலும் கால்பந்திலும் நம்மோடு ஒத்துப்போகாத வங்காள நண்பர்கள் இந்த ஒரு விஷயத்தில் நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள் என்பதை அலுவலகத்தில் சொன்னோம். அவர்கள் தாங்கள் ஒரு படி மேலே என்பதை மட்டும் குறித்துக்கொண்டனர்!

கல்கத்தாவிற்கே உரிய ஒரு நோயும் உண்டு. 1877-ல் இந்நகரில் ஒரு வீக்க நோய் பரவிற்று. முதலில் இதுவும் பெரிபெரியே என்று மயங்கினர். கடுகெண்ணெய் உண்ணும் குடும்பங்களையே இது தாக்கிற்று என்பது மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது. வயலோரங்களில் மஞ்சள் பூவோடு முள்ளடர்ந்து நிற்கும் பிரமதண்டுச் செடியின் விதை கடுகைப் போன்றே இருக்கும். அது தற்செயலாகவோ வேண்டுமென்றோ கடுகோடு கலந்து செக்கில் ஆட்டப்பட்டதே காரணம் என்று 1926-ல் சர்க்கார் என்பவர் குறிப்பிட, 1937-ல் லால், ராய் என்னும் ஆய்வாளர்கள் சோதனையால் நிறுவினர். அறுபது ஆண்டுகள் ஆயின. எண்ணெயில் கலப்படம் அதோடு ஒழிந்ததா என்றால் இல்லை. 1988-ல் இந்நகரின் பேஹாலாப் பகுதியில், தொழிற்சாலை இரசாயனம் கலந்த சமையலெண்ணெயை வாங்கி உண்ட நூற்றுக்கணக்கானோர் கை கால் முடங்கினர். ரேஷன் வரிசையில் நின்று எண்ணெய் வாங்கிய ஏழைகளுக்கே அக்கதி நேர்ந்தது.

மேற்சொன்ன ஆய்வுகளுக்கெல்லாம் இந்நகரில் ஒரு வீடு அமைந்தது 1932-ஆம் ஆண்டு டிசம்பரில். சித்தரஞ்சன் அவென்யூவில், ராக்ஃபெல்லர் அறநிலையத்தின் பொருளுதவியால் எழுந்த அகில இந்திய சுகாதார, பொதுநலக் கழகமே அது. ஆசியாவின் இப்பகுதியில் பொதுச் சுகாதாரம் கற்பிக்க எழுந்த முதற் கல்விக்கூடம் என்பர். மாணவர் கிராம மக்களிடையே பழக 1939-ல் சிங்கூரில் ஒரு மையமும் கண்டது. உயிரிரசாயனமும் உணவூட்டமும் அங்கே தனித்துறையாயின. உணவியலில் பட்டயம் அளித்து மருத்துவமனை உணவியலாரைப் பயிற்றிய முன்னோடி இடங்களுள் இதுவும் ஒன்று. சென்ட்ரல் அவென்யூ வழியே பஸ் ஏறிப் பல்லாண்டு சென்ற எமக்கு அக்கட்டடம் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸ் என்றே தோன்றியிருந்தது.

இதற்கிடையே குன்னூரில் மக்காரிசனுக்குப் பின் 1935-ல் தலைமையேற்ற அய்க்ராய்ட், 1937-ல் ஒரு சிறு வெளியீடு கொணர்ந்தார். ஒவ்வொரு தானியத்திலும் கீரையிலும் காயிலும் எவ்வளவு புரதம், எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு இரும்பு என்று அட்டவணையிட்ட சுகாதார வெளியீடு எண் 23 அது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் எண்ணாகப் பதிவு பெற்றன. ரயில்வேக்கு அட்டவணை எப்படியோ உணவியலாருக்கு இந்நூல் அப்படி. அது பல பதிப்புகள் கண்டு, 1971-ல் கோபாலன் முதலியோரால் திருத்தி எழுதப்பெற்று, 2017-ல் 528 உணவுப் பொருள்களை நாட்டின் பல பகுதிகளிலிருந்து திரட்டிப் புதிதாகப் பகுத்தாய்ந்த பெருநூலாக வெளிவந்தது.

இத்துறையின் வரலாற்றில் கல்கத்தா கண்ணீரால் எழுதிய பக்கம் 1943. அவ்வாண்டின் பஞ்சத்தைப் பற்றி எம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் டல்ஹௌசி சதுக்கத்து வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் தட்டெழுத்தராக வந்து, ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தார். பர்மாவை ஜப்பானியர் பிடித்ததால் அங்கிருந்து வரும் அரிசி நின்றது. 1942 அக்டோபரில் மேதினிபூரைப் புயலும் கடலும் அழித்தன. பகைவர் கையில் சிக்கக்கூடாதென்று ஆற்றுப் படகுகளைச் சர்க்காரே பறித்துக்கொண்டது. விலை ஏற ஏறக் கையிலிருந்தவர் பதுக்கினர். கூலிக்காரனும் மீனவனும் கைத்தொழிலாளியும் அரிசி இருந்தும் வாங்க இயலாது கல்கத்தாத் தெருக்களுக்கு நடந்து வந்தனர். சோறு கேட்க அவர்களுக்கு வாய் எழவில்லை. “ஃபேன் தாவோ, மா” என்று வடித்த கஞ்சியைத்தான் கேட்டனர். எம் பாட்டியார் வாசலில் ஓர் அடுக்குப் பாத்திரத்தை வைத்து, அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளின் கஞ்சியையெல்லாம் சேர்த்து உப்பிட்டு ஊற்றுவாராம். தொண்ணூறு வயது வரை இருந்த அவர், தம் கடைசி நாள் வரை வடிகஞ்சியைக் கீழே கொட்ட எவரையும் விட்டதில்லை. சிறுவயதில் யாம் அதனைக் கஞ்சத்தனம் என்று நகைத்ததுண்டு.

விசாரணைக் குழு மாண்டவர் தொகை 15 லட்சம் என்றது. அக்குழுவில் ஓர் உறுப்பினர் அய்க்ராய்டே. அக்கணக்குக் குறைவென்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆய்வறிஞர் பலர் இன்று சொல்வது 30 லட்சம் அளவில். அப்பொழுது சாந்திநிகேதனில் சிறுவனாக இருந்து அக்காட்சியைக் கண்ட அமர்த்தியா சென் பின்னாளில், நாட்டில் உணவு இருந்தும் வாங்கும் திறன் அற்றதே சாவுக்குக் காரணம் என்று 1981-ல் நூலெழுதினார்.

பட்டினி கிடந்தவனுக்கு எதனை, எவ்வளவு, எத்தனை வேளை கொடுப்பது என்பது பெரிய வித்தை என்பதை மருத்துவர் இப்பஞ்சத்தில் கற்றனர். நெடுநாள் பட்டினியால் உடல் தன் தசையையே எரித்து வாழ்கிறது. அந்நிலையில் இரக்கப்பட்டு வயிறு நிறைய இட்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட் முதலிய உப்புகள் திடீரென்று திசுக்களுக்குள் இழுக்கப்பட்டு இருதயம் நின்றுவிடும். சிறிது சிறிதாக, நீர்த்ததாக, அடிக்கடி ஊட்டுவதே முறை. பால்பொடி, மாவு, சர்க்கரை, உப்பு, நீர் இவற்றைக் கலந்த ஒரு கூழ் வங்காளப் பஞ்சக் கலவை என்ற பெயரோடு உலகப் புகழ் பெற்றது. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமைப் பிரிட்டிஷ் படைகள் விடுவித்தபொழுது, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களுக்கு அக்கலவையையே கொண்டுசென்று கொடுத்தனர். ஆனால் கிழக்கு ஐரோப்பாவைச் சேர்ந்த அக்கைதிகள் அதனை உண்ணவில்லை. ஒரே தித்திப்பு என்று ஒதுக்கினர். சாகும் தறுவாயிலும் மனிதன் நாவுக்கு ஊர் உண்டு, மொழி உண்டு. கணக்கில் சரியாக இருந்த உணவு வாயில் சரியாக இல்லை.

இதனைப் படித்த அன்று எமக்குப் புத்தகத்தை மூடிவைக்க நேர்ந்தது. எமது தாயாரின் நினைவு வந்ததே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் அவர் சர்க்கரை நோயும் சிறுநீரகக் குறையுமாக இந்நகரின் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். (எந்த மருத்துவமனை என்பது வேண்டா, நல்ல மருத்துவர்கள் இருந்த இடம்தான்.) முதல் நாள் தட்டில் மீன் குழம்பு வந்தது. சைவம் என்று சொன்ன பின் உப்பில்லாத அவித்த பப்பாளிக்காயும் உருளையும் வந்தன. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டு வேளை தவறாது வைக்கப்பட்டது, வேளை தவறாது எடுத்துச் செல்லப்பட்டது. உண்டாரா என்று பதிந்துகொள்வாரில்லை. இன்சுலின் மட்டும் நேரத்துக்குப் போடப்பட்டது. மூன்றாம் நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து நாக் குழறிக் கிடந்தார். சர்க்கரை 42-க்கு இறங்கியிருந்தது. குளூக்கோஸ் ஏற்றி மீட்டனர்.

தவறு அவர்கள்பால் மட்டும் இருந்ததென்று சொன்னால் அது நேர்மையாகாது. சூடு தணியட்டுமென்று யாமும் நாள்தோறும் லேக் மார்க்கெட்டிலிருந்து இளநீர் வாங்கிச் சென்று கொடுத்துக்கொண்டிருந்தோம்!

அன்று பகலில்தான் உணவியலார் ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும் வங்காளப் பெண். கையில் ஒரு நோட்டு. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, “மாஷிமா, வீட்டில் என்ன உண்பீர்கள்?” என்று கேட்டார். அம்மாவுக்கு வங்காளி சரிவர வாராது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. பன்னிரண்டு வயது நிரம்பிய எம் மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். இட்டிலிக்கு அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று கேட்டு எழுதினார். ஓர் இட்டிலியின் எடையைக் கேட்டபொழுது எங்கள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பார்சல் ஆபீசில் ஐந்தாண்டுகள் மூட்டைகளை நிறுத்த கைக்குத் தன் வீட்டு இட்டிலியின் எடை தெரியாது! இளநீரைக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று. அதில் பொட்டாசியம் மிகுதி; பழுதுற்ற சிறுநீரகம் அதனை வெளியேற்றாது; இரத்தத்தில் அது ஏறினால் இருதயம் தாளம் தப்பி நின்றுவிடும் என்று பொறுமையாக விளக்கினார். இரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று கடைகளில் விற்கும் மாற்று உப்பும் பொட்டாசியமே, அதனையும் தொடக்கூடாது என்றார். காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுத் தாளிக்கலாம் என்றார். மறுநாள் முதல் வீட்டு இட்டிலி இரண்டு, புளியைச் சுருக்கிய ரசம், குழைந்த சாதம் என்று எழுதிக் கொடுத்து, வெளியிலிருந்து கொண்டுவர மருத்துவரிடம் அனுமதியும் பெற்றுத் தந்தார். இன்சுலினின் அளவை உண்ணும் அளவோடு பொருத்தவும் ஏற்பாடு செய்தார். அம்மா அதன் பின் மூன்றாண்டுகள் எங்களோடு இருந்தார்.

மகளுக்கு இத்துறையின்மேல் நாட்டம் விழுந்தது அந்நாற்காலியின் அருகில்தான்.

இத்துறையில் தமிழர் அடைந்த உயர்வையும் சொல்லவேண்டும். இந்திய உணவூட்ட இயலின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் சி. கோபாலன் 1918-ல் சேலத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். நூறு வயது நிரம்பி 2019-ல் மறைந்தவர். ஏழைக் குழந்தைகளுக்குப் புரதப் பொடியும் மேல்நாட்டு மாவும் கொணர்ந்து கொட்டவேண்டும் என்று உலக நிபுணர் பலர் முழங்கிய காலத்தில், நம் குழந்தைக்குக் குறைவது முதலில் வயிறார உணவே, அவ்வுணவு போதிய அளவு கிடைத்தால் புரதத்தின் பெரும்பங்கும் அதனோடே வந்துவிடும் என்று கணக்குக் காட்டி எதிர்த்து நின்றார். ஐதராபாத்தையடுத்த கிராமங்களில் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 310 கலோரியும் 3 கிராம் புரதமும் கொண்ட சிற்றுண்டி கொடுத்து, அவர்கள் வளர்ச்சி கூடியதை 1973-ல் அவரும் அவர் குழுவினரும் வெளியிட்டனர். விளம்பரத்தைக் கண்டு பிள்ளைகளுக்கு விலையுயர்ந்த ஊட்டச்சத்துப் பொடி வாங்கும் வீடுகள் நம் காலனியிலும் உண்டு, அவர்கள் வருந்தற்க.

கோவையில் 1957-ல் எழுந்த அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்து, அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றபின் துணைவேந்தராகவும் விளங்கிய டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் (1919-2002) இன்னொருவர். மனையியல் என்றால் தையலும் சமையலும் என்றிருந்த எண்ணத்தை மாற்றி, ஆயிரக்கணக்கான பெண்களை ஆய்வுக்கூடத்துக்கும் கிராமத்துக்கும் அனுப்பியவர். காமராஜர் காலத்தில் 1956-ல் பரவிய பள்ளி மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு ஆகியவற்றுக்குப் பின்னே இத்தகைய படிப்பாளிகளின் அட்டவணைகளும் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது.

படிப்பின் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் விஞ்ஞானம், குறிப்பாக இரசாயனமும் உயிரியலும், படித்திருத்தல் நலம். பின் உணவூட்ட இயலில் மூன்றாண்டோ நான்காண்டோ பட்டப்படிப்பு. அதன்மேல் முதுகலையோ உணவியல் பட்டயமோ. பின்னர் மருத்துவமனையில் சில மாதப் பயிற்சி. 1963-ல் தோன்றிய இந்திய உணவியலார் சங்கம் ஒரு தேர்வு நடத்திப் பதிவுபெற்ற உணவியலார் என்னும் தகுதி அளிக்கிறது. இந்நகரில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மனையியல் துறையும், 1962-ல் தோன்றிய ஜே.டி. பிர்லா நிலையமும், மேற்சொன்ன சித்தரஞ்சன் அவென்யூக் கழகமும் உள்ளன. பயில்வது அடுப்படிக் கலை அன்று. உயிரிரசாயனமும் உடலியலும் நோயியலும் கணக்கும். மூக்குக் குழாய் வழியே உண்பவருக்கு மணிக்கு எத்தனை மில்லிலிட்டர், தீப்பட்டவருக்கு எத்தனை கிராம் புரதம் என்று கணக்கிடுவதில் பிழை நேர்ந்தால் மாமியின் சாம்பாரில் உப்புக் கூடியது போன்று சிரித்துவிட்டுப் போக இயலாது.

நெடுங்காலம் இத்தொழிலுக்குச் சட்டக் காவல் இருந்ததில்லை. நான்கு காணொளி பார்த்தவரெல்லாம் உணவு நிபுணர் என்று பலகை மாட்டினர். 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய துணைமருத்துவத் தொழில்கள் சட்டத்தில் உணவியலார் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். பதிவேடும் தகுதி அளவும் அதன்வழி வரவேண்டும்.

ரயில்வேக்காரர் ஒரு செய்தி சொல்லாது விடலாகாது. ரயில்வே மருத்துவமனைகளில் உணவியலார் பதவி உண்டு. 2019-லும் 2024-லும் தேர்வு வாரியம் துணைமருத்துவப் பணிகளுக்கு வெளியிட்ட அறிவிக்கைகளில் அது ஏழாம் நிலைச் சம்பளத்தில், 44,900 ரூபாய் அடிப்படையில் இடம்பெற்றிருந்தது. யாம் இருபது ஆண்டுகள் கோப்பு புரட்டியும் அந்நிலையை எட்டவில்லை என்பதை மகள் கண்டுபிடித்து, வீட்டில் உரக்கப் படித்தாள். ஆனால் நாடு முழுமைக்கும் அறிவித்த இடங்களோ ஒற்றை இலக்கமே. தனியார் மருத்துவமனைகளில் இடம் மிகுதி, தொடக்க ஊதியம் குறைவு. இதனை மறைத்து ஆசை காட்டுவது முறையன்று. மகளிடமும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, இட்டிலித் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தாள். நாற்பத்திரண்டு கிராம் இருந்தது.

கீழ்வீட்டு மாமா சென்ற வாரம் தம் இரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு மேலே வந்தார். அவளோ இன்னும் கல்லூரியில் சேரவே இல்லை; ஆதலால் அவரைத் தகுந்தவரிடம் அனுப்பி வைத்தோம்.

இப்படிப்புகளின் விண்ணப்ப விவரங்களையும், ரயில்வே அறிவிக்கைகளின் நகல்களையும் திரட்டிச் சங்க நூலகத்தில் ஒரு கோப்பாக வைத்திருக்கிறோம். ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை பெற்றோரும் பிள்ளைகளும் வந்து பார்க்கலாம். கோப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர் பதிவேட்டில் கையொப்பமிட்டு, ஒரு வாரத்தில் திருப்பித் தருமாறு வேண்டுகிறோம்.